ரெண்டு வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் பத்துப் பேரை நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். "ரெண்டு வட்டிக்கு வாங்கின பணம்னா வருஷத்துக்கு எத்தனை பர்சன்ட்?" பாதிப் பேர் இரண்டு சதவீதம் என்பார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் தனிவட்டியை ஏழாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடமே இருக்கிறது, அதில் கூட்டுவட்டியும் வருகிறது.

குறை பிள்ளைகளிடம் இல்லை. புத்தகத்தில் வட்டி வீதம் எப்போதும் வருடத்துக்கு. தெருவில் அது எப்போதும் மாதத்துக்கு. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பதுதான் ரெண்டு வட்டி, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். அஞ்சு வட்டி என்றால் 60 சதவீதம். இதை அம்மா ஒரு மொழியில் வைத்திருக்கிறார், பையனின் புத்தகம் இன்னொரு மொழியில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கல்தான். ஆனால் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் அந்தப் பெருக்கலை ஒருவரும் போட்டுக்காட்டுவதில்லை.

ஏழை மாணவர்களுக்கு நிதிக் கல்வி கொடுக்கவேண்டும், வேலைக்குத் தயார்ப்படுத்தவேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். யாரும் அதை மறுக்கப்போவதில்லை. என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் தகராறே இருக்கிறது. வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு வங்கி அதிகாரி வருவார். மைக் டெஸ்டிங் முடிந்ததும் "சிறுதுளி பெருவெள்ளம்" என்று ஆரம்பிப்பார். தேவை எது, ஆசை எது என்று பலகையில் இரண்டு கட்டம் போடுவார். தினமும் பத்து ரூபாய் சேர்த்தால் இருபது வருடத்தில் எவ்வளவு ஆகும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வார். கைதட்டல், ஒரு உண்டியல், குரூப் போட்டோ. முந்தைய தலைமுறைக்கு இது 'சஞ்சயிகா' என்ற பெயரில் வந்தது. இப்போது பவர்பாயின்ட்டில் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசித்துப் பாருங்கள், யாரிடம் போய்ச் சிக்கனம் பேசுகிறோம்? ரேஷன் கடையில் என்றைக்குச் சரக்கு வரும், கேஸ் தீர இன்னும் எத்தனை நாள், எந்தத் தவணையைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளினால் வாசலில் ஆள் வந்து நிற்பான் என்று வீட்டில் நடக்கும் பேச்சு அத்தனையும் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகளிடம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்துகளில் உட்கார்ந்து மொய் நோட்டு எழுதுவது பெரும்பாலும் யார்? கையெழுத்து நன்றாக இருக்கும் பள்ளிக்கூடப் பையன்தான். யார் எவ்வளவு செய்தார், அவருக்கு முன்பு எவ்வளவு செய்தோம், புது நடை எவ்வளவு என்று அவன் எழுதுவது அசல் கணக்குப் பதிவு. வட்டியில்லாமல் ஊரே முதல் திரட்டிக்கொடுக்கும் ஒரு ஏற்பாட்டின் பேரேடு அது. அவனிடம் போய்ச் சேமிப்பு என்றால் என்ன தெரியுமா தம்பி என்று கேட்பது கொஞ்சம் அதிகம்தான். இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் ஏழைக் குடும்பங்களிடம் நாட்குறிப்பு முறையில் வரவுசெலவைத் திரட்டி 2009-ல் வந்த 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற ஆங்கிலப் புத்தகமும் இதையேதான் காட்டியது. வருமானம் குறைவாகவும் ஒழுங்கில்லாமலும் இருப்பவர்கள்தான் ஒரே நேரத்தில் பல இடங்களில் கடன், சேமிப்பு, கைமாற்று என்று நிறையக் கணக்குகளைச் சமாளிக்கிறார்கள்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேச்சு. ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். பூ விற்கும் அம்மாவுக்கு இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் செலவு, விடியற்காலை சரக்கு எடுக்கக் கையில் பணம் இருக்கும் என்பது அவர் போடும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் தினமும் அசலும் குறைந்துகொண்டே வருவதால் நூறு நாளில் சராசரியாக 4,500 ரூபாய் சொச்சம்தான் அவரிடம் இருக்கிறது. அதற்கு 1,500 ரூபாய் வட்டி. வருடத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 120 சதவீதம்! இந்த எண் தெரிந்துவிட்டால் நாளைக்கே தண்டல் நின்றுவிடுமா? நிற்காது. விடியற்காலை நான்கரை மணிக்கு எந்த வங்கியும் திறந்திருக்காது. ஆனால் இந்த எண் தெரிந்தால்தான் அடுத்த கேள்வி பிறக்கும். வேறு எங்கே கிடைக்கும்? தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020-ல் மத்திய அரசு தொடங்கிய கடன் திட்டத்தில் முதல் தவணையாகக் கிடைத்தது அதே 10,000 ரூபாய்தான் (2025-ல் அதை 15,000 ஆக உயர்த்தினார்கள்). அடமானம் கிடையாது, ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். இந்த இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டுகிற வகுப்புதான் நிதிக் கல்வி. உண்டியல் கொடுப்பது விழா.

சரி, மாணவனின் சொந்த விஷயத்துக்கு வருவோம். அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய பண முடிவு எப்போது வருகிறது? நாற்பது வயதில் வீடு வாங்கும்போது இல்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த அறுபது நாளில். அந்த அறுபது நாளில்தான் கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வருகிறார். சில சமயம் ரிசல்டுக்கு முன்பே வந்துவிடுகிறார். "இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி, கவுன்சலிங்குக்குப் போனா எந்த ஊர்ல கிடைக்குமோ" என்கிறார். வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஏஜென்ட் அண்ணன் பைக்கில் வந்து, டீ குடித்து, மரியாதையாகப் பேசுகிறார். தோடு அடகுக்குப் போகிறது.

இந்த இடத்தில் அந்தக் குடும்பம் என்ன இழக்கிறது என்று பார்த்தால் வயிறு எரியும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு 2010-ல் கொண்டுவந்த கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விக்குச் சேர்பவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது (மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது). அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்புகளுக்குச் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அதே 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு படிப்பை, தோட்டை அடகு வைத்து விலைக்கு வாங்குகிறார்கள். முட்டாள்தனத்தால் இல்லை. 'கவுன்சலிங்' என்ற வார்த்தைக்கும் அந்தத் தோட்டுக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் சொல்லவில்லை, அதுதான் காரணம்.

பணத்தைக் கட்டிவிட்டு மனம் மாறினால் அடுத்த சிக்கல். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது, விலகும் தேதியைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்று கையில் இருந்தால் அலுவலக ஜன்னலில் பேச்சின் தொனியே மாறும். "தேவை, ஆசை" கட்டம் போட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

கல்விக்கடனும் அப்படித்தான். ஒரு பக்கம் "கடனே வேண்டாம்" என்று பயந்து படிப்பை விடுகிறவர்கள். இன்னொரு பக்கம் "படிச்சு முடிச்சுக் கட்டிக்கலாம், இல்லன்னா தள்ளுபடி ஆகிடும்" என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறவர்கள். இரண்டு பேருக்கும் தேவை ஒரே ஒரு தாள் கணக்கு. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் வரை வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் சொத்து ஜாமீன் கேட்பதில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டவேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்! முதல் லட்சத்துக்கு ஐந்து வருடம், இரண்டாவதுக்கு நான்கு, அடுத்தது மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனிவட்டியாகவே போட்டாலும் 1,40,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் அன்று கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய், பதினைந்து வருடம் என்றால் 5,800. முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளம் 15,000 என்றால் இது கழுத்தைப் பிடிக்கும். 30,000 என்றால் தாங்கும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற கேள்வியும் எவ்வளவு கடன் என்ற கேள்வியும் ஒன்றுதான் என்பது இந்தத் தாளில் தெரியும்.

இதில் ஒரு உபகதை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று 2009-10-ல் தொடங்கியது. பிறகு விதிகள் மாறின. கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. போன்ற தர அங்கீகாரம் இருக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதாவது, மேலே சொன்ன 1,40,000 ரூபாய் இருக்குமா இருக்காதா என்பது பிள்ளை எந்தக் கல்லூரி வாசலில் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. ஏஜென்ட் அண்ணன் இதைச் சொல்லமாட்டார். வங்கி மேனேஜருக்கு நேரமிருந்தால் சொல்லலாம்.

இனி வேலை. 'கேரியர் ரெடினஸ்' என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளைப் பாருங்கள். கை குலுக்குவது எப்படி, டை கட்டுவது எப்படி, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றால் என்ன சொல்வது. இதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இங்கிலீஷ் தெரியாததால் வாசலிலேயே திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஆனால் முதலாளிக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்வது எப்படி என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, முதலாளி கொடுக்கும் தாளைப் படிப்பது எப்படி என்பதை விட்டுவிடுகிறார்கள். "மாசம் பதினெட்டாயிரம்" என்று சேருகிறான், கைக்கு வருவது பதினைந்தாயிரத்துச் சொச்சம். மீதி எங்கே போயிற்று? பி.எஃப். என்றால் ஊழியர் பங்கு 12 சதவீதம், கம்பெனி அதே அளவு போடவேண்டும். இ.எஸ்.ஐ. என்றால் 2019 ஜூலையில் இருந்து ஊழியர் பங்கு 0.75, கம்பெனி பங்கு 3.25. சி.டி.சி. என்று சொல்லும்போது கம்பெனியின் பங்கையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள். இது ஏமாற்று அல்ல, ஆனால் தெரியாதவனுக்கு ஏமாற்று மாதிரியே இருக்கும். நிஜமான ஏமாற்று வேறு ஒன்று. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாமல் இருப்பது! அதைக் கண்டுபிடிக்க யு.ஏ.என். எண்ணும் ஒரு செல்போனும் போதும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும். கேட்கத் தெரிந்தால்தானே கொடுப்பார்கள்?

இது வெறும் சம்பளத் தகராறு இல்லை என்பதற்கு ஒரு பழைய உதாரணம் கொங்கு மண்டலத்திலேயே இருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். மாதாமாதம் கொஞ்சம், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போன கதைகள் பல வருடம் பத்திரிகைகளில் வந்தன. அந்த மொத்தத் தொகை பரிசு அல்ல, அவர்கள் உழைத்த கூலியின் ஒரு பகுதியைத்தான் பிடித்துவைத்துப் பின்னால் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க ஒரு பெருக்கல் போதும். குறைந்தபட்சக் கூலியை நாட்களால் பெருக்கி, கையில் வந்ததைக் கழித்துப் பார்த்தால் மீதி எண் தானே பேசும். கழிக்கத் தெரிந்த பெண்கள்தான் அவர்கள். எதில் இருந்து எதைக் கழிப்பது என்று சொல்ல ஆளில்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. "உன் பேங்க் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணையும் கொடு, மாசம் இத்தனை ரூபாய் தர்றேன்" என்று தெரிந்த அண்ணன் ஒருவன் கேட்பான். ஊரை ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் வரும்போது அண்ணன் இருக்கமாட்டான், பாஸ்புக்கில் இருப்பது பையனின் பெயர்தான். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. நல்ல விஷயம். ஆனால் கணக்கு திறந்துகொடுத்தவர்கள் அது ஒரு கையெழுத்து மாதிரி, வாடகைக்கு விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். பணம் போனால் 1930-க்கு உடனே அடிக்கவேண்டும் என்பதையும்.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2014-ல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, நிதிக் கல்வியால் மக்களின் பண நடத்தையில் விளக்கக்கூடிய மாற்றம் வெறும் 0.1 சதவீதம் என்றார்கள். படித்தது காலப்போக்கில் கரைந்துவிடுகிறது, முடிவெடுக்கும் நேரத்தை ஒட்டிச் சொன்னால்தான் நிற்கும் என்பது அவர்கள் வாதம். பிறகு 2022-ல் கைசரும் மற்றவர்களும் 76 பரிசோதனைகளைத் தொகுத்து, இல்லை, பலன் இருக்கத்தான் செய்கிறது என்று எழுதினார்கள். இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட பிரேசிலில் நடந்தது சுவாரசியம். அங்கே 892 உயர்நிலைப் பள்ளிகள், சுமார் 25,000 மாணவர்கள். கணக்கு, சமூகவியல் வகுப்புகளுக்குள்ளேயே பணப் பாடத்தைச் சேர்த்தார்கள். பிள்ளைகளின் அறிவும் சேமிப்பும் கூடின, பெற்றோருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கூடவே இன்னொன்றும் கூடியது. கடன் வாங்கிப் பொருள் வாங்கும் பழக்கம்! பொருளியலில் இப்படித்தான், ஒரு கதவைத் திறந்தால் இரண்டு பேர் உள்ளே வருவார்கள்.

தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றும் இருக்கிறது, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இங்குள்ள கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி அறிவுத் தேர்வுகளை வைத்துப் பார்த்தார்கள் (2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது). அதே மனிதர்கள். கையில் காசில்லாத மாதங்களில் மதிப்பெண் குறைந்தது, கரும்புப் பணம் வந்த பிறகு கூடியது. ஏழைக்குப் புத்தி இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கவலை புத்தியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது வந்து பாடம் நடத்தினால் ஒன்றும் ஏறாது. 2014 ஆய்வோ முடிவுக்குப் பக்கத்தில் சொல் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழிதான் தெரிகிறது. ப்ளஸ் ஒன்னில், தலைக்கு மேல் கத்தி தொங்காத நேரத்தில், நிஜத் தாள்களை வைத்து ஒத்திகை. பிறகு மே, ஜூன் மாதங்களில் பள்ளியில் ஒரு மேஜை, ஒரு ஆள். பாடம் எடுக்க இல்லை. கையெழுத்துப் போடும் முன் காட்டிக் கேட்க.

நிதிக் கல்வி பேசுகிறவர்கள் சிலர் செய்யும் ஒரு தந்திரத்தையும் சொல்லவேண்டும். ஏமாந்தால் உன் அறியாமை என்று கைகழுவிவிடுவது. 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டவர்களும், மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லி 2022-ல் அம்பலமான ஆருத்ராவில் போட்டவர்களும் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? ஆசிரியர்கள் போட்டார்கள், அரசு ஊழியர்கள் போட்டார்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது, கந்துவட்டியும் இருக்கிறது. சட்டத்தை அமல்படுத்தவேண்டியவர்களின் வேலையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவதற்குப் பெயர் கல்வி இல்லை. வகுப்பில் இதையும் சொல்லவேண்டும், உன் தப்பு எது, உன் தப்பு இல்லாதது எது, எங்கே புகார் கொடுப்பது என்று.

யார் சொல்லிக்கொடுப்பது? மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளும் இன்சூரன்ஸ்காரர்களும் தயாராகத்தான் இருக்கிறார்கள். பாடம் முடியும்போது ஒரு விண்ணப்பப் படிவமும் கூடவே வரும். மீன் விற்கிறவர் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பாரா என்ன? தனியார் அமைப்புகள் வந்தால் ஒரு நாள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், அடுத்த வருடம் வேறு மாவட்டம். ஆனால் ஏராளமான அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், வணிகவியல் ஆசிரியர். கூட்டாளி விலகும்போது நற்பெயரின் மதிப்பை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப்பதிவியல் மாணவர்களுக்கு வருடா வருடம் போட்டுக்காட்டுகிறவர். சம்பளச் சீட்டைப் பிரித்துக்காட்ட அவருக்கு ஒரு பீரியட் போதும். பிரச்சினை என்னவென்றால் அவர் வகுப்பில் காமர்ஸ் குரூப் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. பயாலஜி குரூப் பெண்ணுக்கும் தொழிற்பிரிவுப் பையனுக்கும் வட்டியே வராதா? 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்', அதே வருடம் வந்த 'கல்லூரிக் கனவு' ஆகியவை எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதை அரசுப் பள்ளி வரைக்கும் கொண்டுபோனது பெரிய காரியம். அதோடு எவ்வளவு செலவு, யார் கட்டுவார்கள், எப்படித் திருப்பிக் கட்டுவது என்ற அடுத்த பக்கத்தையும் சேர்த்தால் எல்லாக் குரூப்புக்கும் போய்விடும். மே, ஜூன் மேஜைக்குப் பக்கத்துக் கல்லூரி பி.காம். மாணவர்களை உட்காரவைக்கலாம். விடுமுறையில் சும்மா இருப்பவர்கள்தான். அவர்களுக்கும் புத்தகத்தைத் தாண்டி நாலு விஷயம் தெரியவரும்.

பாடப்புத்தகம்கூடப் புதிதாக அடிக்கவேண்டாம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுக்கவேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்தர வட்டி வீதம் இருக்கவேண்டும், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. '12 சதவீதம் ஃபிளாட்' என்று வாயால் சொல்லும் ஒரு வருடக் கடன், அந்தத் தாளில் 21 சதவீதத்துக்கு மேல் என்று நிற்கும். மகளிர் குழுக் கடன்காரர்கள் கொடுக்கும் அட்டையும் வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது. அதோடு ஒரு சம்பளச் சீட்டு, ஒரு நியமனக் கடிதம். நாற்பது பேர் வகுப்புக்கு நான்கு தாள் வீதம் 160 பக்கம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒரு ரூபாய் என்றாலும் 160 ரூபாய். பெயர், கணக்கு எண், தெருப் பெயர் எல்லாவற்றையும் மார்க்கரால் அடித்துவிட்டுத்தான் நகலெடுக்கவேண்டும். வாங்கிய கடன் பிள்ளையின் வகுப்பு முழுக்கத் தெரிவதை எந்த அம்மாவும் விரும்பமாட்டார்.